பதினொரு நன்றிக் கடிதங்கள்

அத்தியாயம் 9

போன வாரம் அப்பாவைத் திட்டி வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. இப்படியும் ஒரு மனுஷனா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அவரைக் கதையிலிருந்தே தூக்கிவிடச் சொல்கிறார். தூக்கமாட்டேன். இந்த வாரம் அவர் இல்லாமல் கதை ஓர் அடி நகராது. திட்டுவதைக் கொஞ்சம் ஒத்தி வைத்துவிட்டுப் படியுங்கள். படித்த பிறகும் ஆத்திரம் தீராவிட்டால் தபால் பெட்டி அங்கேயேதான் இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள், எப்பேர்ப்பட்ட ஒல்லிக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். ஒரே மகள், பதினாறு வயது, நீச்சல்காரி. கையையும் காலையும் விரித்து அவள் நீந்துகிற அழகைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர் தவளை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் நீச்சல் பையைப் பரணில் தூக்கிப் போட்டவள், திரும்ப எடுக்கவில்லை. அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்றார். அம்மா மட்டும் விடாமல் கேட்டுக் கேட்டு அவள் வாயைத் திறக்க வைத்தாள்.

நீச்சல் கோச் செய்ததையெல்லாம் அவளே கைப்பட எழுதினாள். அம்மா கூடப் போய் விளையாட்டுச் சங்கத்தின் புகார்ப் பிரிவில் கொடுத்தாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கோச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவரிடம் போய் என்னவென்று சொல்வது?

போன வாரம் விசாரணைக்கான நோட்டீஸ் வந்தது. புகாரின் நகல் இருந்தது. கோச் தரப்புச் சாட்சிகளின் பட்டியலும் இருந்தது. அதில் முதல் சாட்சி, அப்பா. ஆதாரம், அவர் கோச்சுக்கு எழுதிய நன்றிக் கடிதம்.

அங்கேதான் விட்டோம்.

அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது நல்லது செய்துவிட்டால் கடிதம் எழுதாமல் இருக்க முடியாது. குழாயைச் சரிசெய்த ஊழியருக்கு, பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட டிரைவருக்கு, பல் பிடுங்கிய டாக்டருக்கு. பல் பிடுங்கியதற்குக்கூடவா என்று அம்மா கேட்டாள். வலிக்காமல் பிடுங்கினாரே என்றார்.

அதை எழுதுகிற முறையும் அவருக்கே உரியது. கம்பெனியில் சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகம் என்று ஒன்று இருந்தது. தாளுக்கு வரிசை எண் அச்சடித்திருக்கும். தேதி, நேரம், கண்டது, செய்தது என்று கட்டம் போட்டிருக்கும். நடுவில் கார்பன் வைத்து எழுதினால் மேல் தாள் வாடிக்கையாளருக்கு, அடித்தாள் புத்தகத்திலேயே தங்கிவிடும். கம்பெனி எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்றியபோது மிஞ்சிய புத்தகங்களைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்குத் தூக்கி வந்தார். நன்றிக் கடிதங்கள் எல்லாம் அதில்தான் போகும். கட்டத்தை நிரப்பாமல் அவருக்குப் பேனா ஓடாது.

விசாரணை காலை பதினொரு மணிக்கு. ஏழு நாளாக அம்மா அவரிடம் நேராகப் பேசவில்லை. சாவி எங்கே என்று அவர் கேட்டால், தவளையைப் பார்த்து, ஆணியில் தொங்குதுன்னு சொல்லு என்பாள். தவளை பாவம், ஒரே அறைக்குள் தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் மகளும் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கோச்சுக்கு அன்றைக்கு என்ன எழுதித் தொலைத்தோம் என்று பார்ப்பதற்காகப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்திருந்தார். ஒரு கடிதம் என்று நினைத்தவருக்குத் திக்கென்றது. இரண்டு வருடத்தில் கோச்சுக்கு மட்டும் பதினொன்று.

நீல எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மகள் குளத்திலிருந்து வந்து சொன்னதெல்லாம் 'கண்டது' என்ற கட்டத்தில் தேதியோடு, நேரத்தோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவருடைய நன்றி இருந்தது.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோச் தப்ப முடியாது. அது அவருக்கு உடனே புரிந்தது. கொடுத்தால் தவளையும் கேட்பாளே என்பது அடுத்துப் புரிந்தது. அவள் ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் வந்து சொன்னதும், அப்பா ஒவ்வொரு முறையும் அந்த ஆளுக்கு நன்றி சொன்னதும் ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால் வெளியே வரும். அதற்கப்புறம் அவள் அப்பா என்று கூப்பிடுவாளா?

புத்தகத்தை இரண்டு முறை பெட்டிக்குள் வைத்தார். மூன்றாம் முறை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

சங்கத்தின் அலுவலகம் விளையாட்டு அரங்கத்தின் முதல் மாடியில். லிஃப்ட் ஒன்று இருந்தது. கதவு இழுத்துக்கொண்டு மூடிய சத்தத்திலேயே உருளை தேய்ந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் யாரையாவது பிடித்துச் சொல்லியிருப்பார்.

புகார் கொடுத்தவர் நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. தவளை அம்மாவைச் சொல்லியிருந்தாள். அவர்கள் உள்ளே போனார்கள். சாட்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நான்கு தெரு தள்ளி பேக்கரி வைத்திருப்பவர், முழங்கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. அவரும் கோச்சின் சாட்சி. கையில் அச்சடித்த ஒரு தாள். கோச் மிகவும் நல்லவர், கண்டிப்பானவர், எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்துபவர் என்று அதில் இருந்தது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. கிளப்பில் கொடுத்தார்களாம்.

புகார் கொடுத்தது யார் என்று சங்கம் வெளியில் சொல்வதில்லை. பேக்கரிக்காரருக்கும் தெரியாது. பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில், யாரோ ஒரு பெண் நன்றி இல்லாமல் இப்படிச் செய்துவிட்டாளாம், காலம் கெட்டுக்கிடக்கிறது என்று ஆரம்பித்தார்.

அப்பா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அது என் பொண்ணுங்க."

பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு வருஷமா கழியால தலையைத் தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிச்சிருக்கார். நீளமான அலுமினியக் கழி, யாராவது மூழ்கினா இழுக்கறதுக்கு வெச்சிருக்கறது. எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். தெரிஞ்சிருக்கு."

விசாரணை முடியும்வரை சாட்சிகள் ஒருவரோடொருவர் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாய் தவறி வந்துவிட்டது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

உள்ளே போவோம்.

விசாரணை அதிகாரி ஒரு காலத்தில் கைப்பந்து ஆடிய பெண்மணி, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். தவளைக்கு நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருந்தார், எழுந்து போகத் தோன்றினால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. கோச்சை முந்தின நாளே விசாரித்து அனுப்பிவிட்டார், மாடிப்படியில்கூட எதிர்ப்பட வேண்டாமே என்று. இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருக்கே தோன்றியிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் நாலு பேர் இருப்பதால்தான் நாமெல்லாம் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடிகிறது என்று அம்மா அப்போது நினைத்தாள். எனக்கும் அதே நினைப்புதான்.

தவளை எழுதிக் கொடுத்ததைத் தான் மூன்று முறை படித்துவிட்டதாகவும், அவள் மறுபடி சொல்லத் தேவையில்லை என்றும், சில கேள்விகள் மட்டும் இருப்பதாகவும் அதிகாரி சொன்னார். கோச் தரப்பில் பேச நீச்சல் கிளப்பின் செயலாளர் ஒரு கோப்போடு எதிரே இருந்தார். அவர் தவளையிடம் நேராகக் கேட்க முடியாது, அதிகாரி வழியாகத்தான் கேட்கலாம். அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொழில் பழக்கம், நாடி எண்ணிக்கொண்டே இருந்தாள்.

முதல் அரை மணி நன்றாகவே போனது. பிறகு செயலாளர் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார். அதிகாரி படித்துப் பார்த்து, கொஞ்சம் பதமாக மாற்றிக் கேட்டார். இரண்டு வருடம் நடந்திருக்கிறது, அப்போதே யாரிடமாவது சொன்னாயாம்மா?

தவளை மேசையைப் பார்த்தாள். நாடி எகிறியது அம்மாவின் விரலுக்குத் தெரிந்தது.

"சொன்னேன்னு நினைச்சிட்டிருந்தேன் மேடம்," என்றாள். "சொல்லலைபோல. சொல்லியிருந்தா யாராவது கேட்டிருப்பாங்கல்ல?"

செயலாளர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். முகத்தில் ஒரு திருப்தி. புகாருக்குப் புகார் கொடுத்தவளே ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டாள் என்ற கணக்கு. அந்தச் சூட்டோடு சூடாகத் தன் முதல் சாட்சியை அழைக்கச் சொன்னார்.

அப்பா பேசும்போது வெளியே இருக்க விரும்புகிறாயா என்று அதிகாரி தவளையிடம் கேட்டார். அவள் இருக்கிறேன் என்றாள்.

அப்பா வந்து நின்றார். உட்காரச் சொன்னபோதும் நின்றார். செயலாளர் வெறும் பாராட்டு மட்டும் இருந்த அந்தக் கடிதத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார். ஆமாம். இதில் எழுதியது உண்மைதானே? ஒரு எழுத்து பொய்யில்லை என்றார் அப்பா. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

செயலாளர் கோப்பை மூடப் போனார். அப்பா சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார்.

"இதோட சேர்ந்தது இன்னும் பத்து இருக்கு மேடம். ஒண்ணை மட்டும் கொண்டு வந்திருக்காங்க. மிச்சத்தை நான் படிச்சுடறேன்."

அதிகாரி தலையசைத்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். லிஃப்டில் என்ன கோளாறு என்று வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுகிற அதே குரல்தான்.

"தேதி ஏழு. நேரம் மாலை ஆறு பத்து. கண்டது: மகள் காய்ச்சலோடு வந்தாள். தாமதமாகப் போனதால் ஈர உடையோடு ஒரு மணி நேரம் குளத்தோரம் நிற்க வைத்ததாகச் சொன்னாள். நேரத்தின் அருமையைப் புரிய வைத்ததற்கு மிக்க நன்றி."

தாளைத் திருப்பினார்.

"தேதி பத்தொன்பது. நேரம் ஆறரை. கண்டது: மூச்சுப் பயிற்சிக்காகத் தாங்கள் கழியால் தலையை அழுத்தியதாகவும், மூக்கில் ரத்தம் வந்ததாகவும் சொன்னாள். சட்டையில் கறை பார்த்தேன். இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்வதற்கு நன்றி."

அடுத்ததில் குரல் தடுமாறியது. அதிகாரி கையை நீட்டினார், கொடுங்கள், நான் படிக்கிறேன் என்றார். அப்பா கொடுக்கவில்லை. நான் எழுதினது, நானே படிக்கணும் என்றார்.

"கண்டது: மற்ற பிள்ளைகள் எல்லாரும் கரையேறிய பிறகு தன்னை மட்டும் தனியாக இறக்குவதாகச் சொல்லி அழுதாள். தனிக் கவனம் கொடுக்கிறார், அதற்குப் போய் அழுவார்களா என்று கண்டித்தேன். தங்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கடைசியா இறக்கறார்னு நான் கேட்கவே இல்ல மேடம். போன வாரம் அவ எழுதினதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுது. அவ நிறம் தண்ணியில ஒட்டிக்கும், அப்புறம் மத்தவங்க இறங்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கார். என் கடிதத்தை எல்லாம் படிச்ச பிறகுதான் அவருக்கு அவ்வளவு துணிச்சல் வந்திருக்கும். அப்பனே நன்றி சொல்றான், இனிமே யார் கேட்கப் போறான்னு."

செயலாளருக்கு வியர்த்தது. இதையெல்லாம் போன வாரம் உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றார்.

அதிகாரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். கோச்சுக்கு எழுதிய கடிதங்களுக்கு நடுநடுவே குழாய் ஊழியருக்கு, பல் டாக்டருக்கு, பஸ் டிரைவருக்கு. வரிசை எண் ஒன்றுகூட விடுபடவில்லை. பிறகு கோச் தரப்பு கொடுத்த கடிதத்தை எடுத்து அதன் மூலையைப் பார்த்தார். முந்நூற்றுப் பதினெட்டு. புத்தகத்தில் முந்நூற்றுப் பதினெட்டாம் அடித்தாள் வரிக்கு வரி அதேதான். முந்நூற்றுப் பதினேழில் மூக்கில் வந்த ரத்தம் இருந்தது. இதை உண்மையான கடிதம் என்று கொண்டு வந்ததே உங்கள் தரப்புதானே என்று அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

முடிவு இரண்டு வாரத்தில் வரும், அதுவரை கோச் குளத்து வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார். இந்த ஒரு முறை வார்த்தை வரவில்லை. வேண்டாம், இதைக் கொண்டு வந்ததற்கு நான்தான் சொல்லணும் என்றார் அதிகாரி. கேலி இல்லை, மனசாரத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா தவளையின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டி, தண்ணி குடிங்க என்றாள். ஏழு நாளில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. குடித்தார், பாதி சட்டையில் போனது.

தவளை பக்கத்தில் வந்தாள்.

"நான் சொல்லியிருக்கேன்பா," என்றாள்.

"சொன்ன கண்ணு. நான்தான் கேட்கல."

"அதில்ல. நாலு மாசமா எனக்கே சந்தேகம். யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டோமே, தப்பு நம்ம மேலதானேன்னு. படுத்தா அதே நினைப்பு. இப்ப நீங்க படிக்கப் படிக்க ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. நீங்க சாப்பிட்டுட்டு இருப்பீங்க, நான் நின்னுட்டே சொல்வேன். ஒண்ணுகூட விடாம சொல்லியிருக்கேன்."

அப்பாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"நீங்க புரிஞ்சுக்கலை. அதுக்கு எனக்கு உங்க மேல கோபம் இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்," என்றாள் தவளை. "ஆனா எழுதி வெச்சிருந்தீங்க. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் படிச்சீங்க. தேங்க்ஸ்பா."

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நன்றி எழுதியவர், தனக்கு ஒன்று வந்ததும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அழுதார். படியேறி வந்த யாரோ ஒதுங்கிப் போனார்கள். அம்மா அவர் முதுகில் கை வைத்தாள். என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான்கு மாதத்தில் நல்ல நேரம் என்றால் அந்த ஐந்து நிமிடம்தான்.

பெஞ்சிலிருந்து பேக்கரிக்காரர் எழுந்து நின்றிருந்தார். அடுத்த சாட்சி அவர். உதவியாளர் கதவைத் திறந்து ஒரு முறை அழைத்துவிட்டார். அவர் போகவில்லை. இவர்களைப் பார்த்து நாலடி வந்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கும்மா. எட்டு வயசு. அதே குளம்தான்." மேலே சொல்வதா வேண்டாமா என்று தயங்கினார். "ரெண்டு மாசமா வீட்டுல தலைக்குத் தண்ணி ஊத்த விடமாட்டேங்கறா. குவளையைத் தூக்கினாலே கத்தறா. நீச்சல் கத்துக்கற பொண்ணு குளியலறையில கத்துதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

அம்மா தவளையின் மணிக்கட்டை மறுபடி பிடித்தாள்.

"அந்தக் கழி..." என்றார் பேக்கரிக்காரர். "அது சின்னப் பசங்க நீந்தற பக்கமும் எட்டுமாம்மா?"

தவளை அவரை நேராகப் பார்த்தாள்.

"குளத்துல எங்க இருந்தாலும் எட்டும், அங்கிள்."

உதவியாளர் இரண்டாம் முறை அழைத்தார். பேக்கரிக்காரர் திரும்பி நடந்தார். அச்சடித்த தாளை நான்காக மடித்தார், பிறகு பிரித்தார். அதைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.